எப்போதும் நாற்பத்திரண்டு

ஜூலை 4

அக்கா,

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வீட்டில் உள்தாழ்ப்பாள் இருக்கிற அறை இது ஒன்றுதான். அப்பா எழுந்து வந்து கதவைத் தட்டினால் வயிற்றுவலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

நீ போனதிலிருந்து உன் பேச்சை எடுத்தாலே அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார். தன் போனிலும் அம்மா போனிலும் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறார். அதனால்தான் கடிதம். பதிலை இங்கே அனுப்பிவிடாதே. பின்பக்கத்தில் பல்லி வீட்டு முகவரி இருக்கிறது. என் வகுப்பில் சுவரேறிக் குதிப்பாளே, அவள்தான். அவளுடைய அம்மா எதையும் கேட்கமாட்டார்.

விஷயம் எங்கள் பள்ளி வேன். நம் கடையில் டீசல் என்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டார் வைத்துக் கொடுத்த வேன். "கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாரமாவது மேட்டில் ஓட்டிப் பார்க்கணும்" என்று பள்ளி மேலாளர் முன்னாலேயே நீ சொல்லி, அதில்தானே சண்டை வந்தது? நீ போன பிறகு சித்தப்பாதான் அதன் கன்ட்ரோலர் பெட்டியைப் பொருத்திப் பூட்டினார். நான் தினமும் அதில்தான் பள்ளிக்குப் போகிறேன். வெயில் ஏறினால் பள்ளி மேட்டில் வேன் ஆமையாகிவிடும். ஓட்டுநருக்கு முன்னால் இருக்கிற திரையில் பெட்டியின் சூடு எண்பது, தொண்ணூறு என்று ஏறும். உடனே வேகம் தானாகக் குறையும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். சின்னப் பிள்ளைகள் "தள்ளு, தள்ளு" என்று கத்துவார்கள். மேலாளர் அப்பாவைக் கூப்பிட்டு வைத்துத் திட்டினார்.

போன வாரம் எல்லாம் சரியாகிவிட்டது. மேட்டில் வேன் பறக்கிறது. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் பயம். இப்போது திரையில் எப்போதும் நாற்பத்திரண்டுதான். விடியலில் குளிர்ந்துபோய் நிற்கும்போதும் நாற்பத்திரண்டு. மேட்டின் உச்சியில், பெட்டி இருக்கிற என் காலடியிலிருந்து பிளாஸ்டிக் சீப்பு கருகுவது போல ஒரு நெடி வரும்போதும் நாற்பத்திரண்டு. ஓட்டுநர் அண்ணனிடம் கேட்டேன். "அது மாறினாத்தான் தொல்லை பாப்பா. இப்பத்தான் நான் நிம்மதியா ஓட்டுறேன்" என்றார்.

நேற்று கடையில் சித்தப்பா பேசியது காதில் விழுந்தது. "அரிசி மணி அளவு ரெசிஸ்டர்ண்ணே. சென்சாரைக் கழட்டிட்டு அந்த இடத்துல அதைச் சொருகிட்டேன். இனிமே அது வாயே திறக்காது."

அப்பா சொன்னார்: "பொய் சொல்ற வாயை மூடினா தப்பில்ல."

இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி எங்களை அதே வேனில் மலைமேல் இருக்கிற வானாய்வுக் கூடத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். வேன் நிறைய ஆட்கள். வழியெல்லாம் ஏற்றம்.

நான் சும்மா பயப்படுகிறேனா? சும்மாதான் என்றால் சொல்லிவிடு. போய்த் தூங்குகிறேன்.

சுண்டு


ஜூலை 8

சுண்டு,

தூங்காதே.

காய்ச்சல்காரனிடமிருந்து தெர்மாமீட்டரைப் பிடுங்கிக் குடத்துத் தண்ணீரில் முக்கி வைத்துவிட்டு, ஆளுக்குக் குணமாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் பக்கத்து மேசைக்காரி பயந்துபோனாள்.

பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி வெட்டி வெட்டிக் கொடுப்பது அந்தப் பெட்டிதான். அதற்குள் இருக்கிற ஸ்விட்சுகள் ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடும். அந்த வேலையில் அவை சுடும். சூடு எல்லை தாண்டினால் வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பெட்டிக்குத் தெரியும். சென்சார்தான் அதற்குக் கண். ரெசிஸ்டர் எப்போதும் ஒரே எண்ணைத்தான் சொல்லும்; அந்தக் கண்ணைக் கட்டிவிட்டார்கள். ஒரு நாள் மேட்டின் நடுவில் ஸ்விட்ச் வெடித்தால் மோட்டாருக்கு இழுவை இருக்காது. வேன் பின்னால் உருளலாம். அல்லது உங்கள் காலடியில் தீப்பிடிக்கலாம். உன்னைப் பயமுறுத்தத்தான் சொல்கிறேன். மோட்டார்களைச் சூடேற்றி, எங்கே எப்போது சாகின்றன என்று பார்ப்பதுதான் இங்கே என் வேலை. தினமும் பார்க்கிறேன்.

நாளையிலிருந்து நடந்து போ. தலைமை ஆசிரியையிடம் சொல். நானும் பள்ளிக்குப் போன் செய்கிறேன்.

பெட்டியின் விசிறி சுற்றுகிறதா என்று மட்டும் பார். ஒரு காகிதத் துண்டைக் கம்பி வலையிடம் காட்டினால் தெரியும். உயர் மின்சாரம் ஓடுகிற ஆரஞ்சு நிறக் கேபிள்களின் பக்கமே போகாதே. விளையாட்டில்லை.

அந்த மனிதரோடு நான் பேசமாட்டேன். "என் கடை வாசலை மிதிக்காதே" என்று சொன்னது அவர். மிதிக்கவில்லை.

அக்கா


ஜூலை 13

அக்கா,

ஒரு நாள் நடந்தேன். பள்ளி மேட்டின் பாதியில் வேன் என்னைத் தாண்டிப் போனது. ஜன்னலில் ஒன்றாம் வகுப்புக் குட்டிகள் கையாட்டினார்கள். நானும் கையாட்டினேன். அப்புறம் ஓரமாக நின்று அழுதேன். நான் இறங்கிவிட்டால் மட்டும் அந்தப் பெட்டி ஆறிவிடுமா? மறுநாள் ஏறிவிட்டேன். திட்டாதே. என் காலடியில் நெடி வந்தால் நான் கத்தவாவது செய்வேன். அவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது.

தலைமை ஆசிரியையின் அறை வரைக்கும் போனேன். உள்ளே மேலாளர் உட்கார்ந்திருந்தார். "என்ன வேணும்?" என்றார். "சாக்பீஸ்" என்றேன். மூன்று சாக்பீஸ் கொடுத்தார். வந்துவிட்டேன். உனக்குக் கோபம் வரும். ஆனால் நீ பேசினாய், உனக்குப் போக ஒரு வேலை இருந்தது. எனக்குப் பதினான்கு வயதுதான் ஆகிறது. கணக்கில் நாற்பது மார்க்.

விசிறி நன்றாகச் சுற்றுகிறது. காகிதம் போய் ஒட்டிக்கொண்டது.

இன்னொன்று சொல்ல வேண்டும். சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மறுபடி மேடு ஏறி வந்த கையோடு, பிரேக் பார்க்க வேன் கடைக்கு வந்தது. நான் பின்னாலேயே நின்று மோப்பம் பிடிப்பதைப் பார்த்துவிட்டு அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். பெட்டிக்கு அடியில் தகடு தகடாக அலுமினியக் கட்டி இருக்கிறதே, சூட்டை வெளியே விடுவதற்கு, அதன்மேல் என் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"சுடுதா?"

"இல்லப்பா."

"பானைத் தண்ணி மாதிரி இருக்கா இல்லையா? இது தொண்ணூறாம்! முப்பது வருஷமா மோட்டார் மேல கை வச்சுப் பாக்கறவன் நான். கை பொய் சொல்லாது. அந்தக் கடுகத்தனை சென்சார்தான் பொய் சொல்லுது."

நிஜமாகவே ஜில்லென்றுதான் இருந்தது, அக்கா. அப்படியானால் அப்பா சொல்வதுதான் சரியா?

சுண்டு


ஜூலை 17

சுண்டு,

மேடு ஏறி வந்த கையோடு கட்டி ஜில்லென்று இருந்ததா? அந்த வரியை நாலு தடவை படித்தேன்.

அப்பாவின் கை பொய் சொல்லவில்லை. அவர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டார். பழைய மோட்டாரில் உள்ளே சுட்டால் உடம்பு சுடும். கை வைத்தால் தெரிந்துவிடும். இது அப்படியில்லை. அடுப்பு எரிகிறது, மேலே இருக்கிற பாத்திரம் சுடவில்லை என்றால் அடுப்பு நல்லது என்றா சொல்வாய்? நடுவில் ஏதோ தடுக்கிறது என்பாய். சூடு கட்டிக்கு வந்து சேரவே இல்லை. வெளியே போக வழியில்லாமல் ஸ்விட்சுகளிடமே நின்றுகொண்டிருக்கிறது.

நடுவில் இருப்பது ஒரே பொருள்தான். சாம்பல் நிறத்தில், ரப்பர் மாதிரி மெத்தென்று ஒரு பட்டை. ஸ்விட்சுக்கும் கட்டிக்கும் இடையில் ஊசிமுனை இடைவெளிகூட இல்லாமல் சூட்டைக் கடத்துவது அது. அதை இப்போது எப்படி ஒட்டுகிறார்கள் என்று பார்த்து எழுது. பார்த்தால் போதும். தொடாதே.

பள்ளிக்குப் போன் செய்தேன். மேலாளர் என்ன சொன்னார் தெரியுமா? "குடும்பச் சண்டையைப் பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டு வராதீங்கம்மா. பொண்ணுக்குக் கோபம், ஏதாவது சொல்லுவான்னு உங்கப்பா அன்னைக்கே சொல்லிட்டார்." அப்பா முந்திக்கொண்டார். போனை வைத்துவிட்டு ஆய்வகக் கழிப்பறையில் போய் நின்றேன். உனக்கு வாளி இருக்கிறது, எனக்கு அதுவும் இல்லை.

மறுபடி வேனில் ஏறியதற்குத் திட்ட வேண்டும். நானாக இருந்தாலும் ஏறியிருப்பேன். அதனால் திட்டவில்லை.

அக்கா


ஜூலை 21

அக்கா,

பார்த்துவிட்டேன்.

சித்தப்பா அடுத்த வேனுக்குப் பெட்டி பூட்டிக்கொண்டிருந்தார். வீட்டுப்பாடம் எழுதுவது போல எதிரில் உட்கார்ந்தேன். அவர் பட்டையை அளந்து வெட்டினார். ஒரு பக்கம் நீலத் தாள் இருந்தது. அதை உரித்துப் போட்டுவிட்டுக் கட்டியில் ஒட்டினார். மேல்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பு. அதன்மேல் ஸ்விட்சுகளை வைத்துத் திருகை முறுக்கினார்.

"சித்தப்பா, அந்தப் பக்கம் எதையும் உரிக்க வேண்டாமா?"

"அதான் மேல்பக்கம். மினுமினுன்னுதான் வரும். நீ அல்ஜீப்ராவைப் பாரு."

கீழே விழுந்த வெட்டுத்துண்டு ஒன்றைக் காலால் தள்ளி எடுத்துக்கொண்டேன். இப்போது அது என் மடியில் இருக்கிறது. அந்த மினுமினுப்பின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஓரம் எழும்பியது. வெங்காயத்தின் உள்தோல் மாதிரி, அதைவிட மெல்லிசாக, நிறமே இல்லாத ஒரு தோல் வருகிறது, அக்கா. அதற்கடியில் பட்டை பிசுபிசுவென்று விரலில் ஒட்டுகிறது.

இந்தத் தோல் அங்கே இருக்க வேண்டியதுதானா?

சுண்டு


ஜூலை 24

சுண்டு,

இருக்கக்கூடாது. அழுக்கு படாமல் இருக்கக் கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்புவது. ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் நிறமில்லாதது. இரண்டையும் உரிக்க வேண்டும். உரிக்காவிட்டால் பட்டை ஒட்டாது. இடையில் காற்று புகுந்து கொப்பளம் கொப்பளமாக நிற்கும். சூட்டுக்குப் போர்வை போர்த்தியது போல.

அந்தக் கடை மூலையில் நான் உட்கார்ந்திருந்த இடம் ஞாபகம் இருக்கிறதா? காலையில் போனதும் பட்டைகளை வெட்டி, இரண்டு பக்கமும் உரித்து, தட்டில் அடுக்கி வைப்பேன். சித்தப்பா எடுத்துப் பூட்டுவார். அப்பா வருகிறவர்களிடமெல்லாம் "எங்க பெரியவ ஸ்டிக்கர் வேலையில மும்முரமா இருக்கா" என்று சிரிப்பார். அவர்களும் சிரிப்பார்கள். என்ன உரிக்கிறேன், எதற்கு உரிக்கிறேன் என்று ஒருத்தராவது திரும்பிப் பார்த்ததில்லை. நான் போனதும் தட்டு காலி. பட்டையை வாங்கி வந்தார்கள், நீலத்தைக் கண்டார்கள், உரித்தார்கள். கண்ணுக்குத் தெரியாததை யார் தேடுவார்கள்?

நான் போன பிறகு வெளியே போன எல்லாப் பெட்டியிலும் அந்தத் தோல் இருக்கும்.

நீ தள்ளி நில். இருபத்தெட்டாம் தேதி காலையில் நான் விடுப்புப் போட்டுவிட்டு வந்து பள்ளி வாசலில் நிற்கிறேன். என்னைத் தாண்டித்தான் அந்த வேன் மலைக்குப் போக வேண்டும்.

அக்கா


ஜூலை 26

அக்கா,

நீ வரவேண்டாம்; நாளை உன் ஊர்ப்பக்கம் போகிற பல்லியின் அம்மாவிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் தள்ளி நிற்கவில்லை.

இன்று சனிக்கிழமை. மலைக்குப் போவதற்காகச் சக்கரத்துக்குக் காற்று பார்க்க வேன் கடைக்கு வந்தது. அப்பா, சித்தப்பா, ஓட்டுநர் அண்ணன் மூன்று பேரும் இருந்தார்கள். வீட்டிலிருந்து கடை வரை சொல்லிப் பார்த்துக்கொண்டே போனதெல்லாம் வாசலிலேயே மறந்துபோயிற்று.

"அப்பா, திங்கக்கிழமை இந்த வேன் மலைக்குப் போகக்கூடாது."

சித்தப்பா சிரித்தார். "ஏன், அன்னைக்கு ஏதும் பரீட்சையா?"

"சென்சார் பொய் சொல்லல. பெட்டி உள்ளுக்குள்ள வெந்துட்டிருக்கு."

அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்தார். "யாரு சொல்லிக் குடுத்தா? அவளா?"

"அக்காவுக்கு நான்தான் எழுதினேன். ஆனா தோலைக் கண்டுபிடிச்சது நான்."

"பாத்தியாடா, இவளும் கிளம்பிட்டா" என்று சித்தப்பாவைப் பார்த்தார். "ஆளுக்கொரு நாள் முறை வச்சு என் மூக்கை அறுங்க."

"ஒரே ஒரு தடவை திறந்து பாருங்கப்பா."

"திறக்கமாட்டேன். என்ன பண்ணுவே?"

துண்டுப் பட்டையை எடுத்துக் காட்டினேன். "ஹெட்மிஸ்ட்ரஸ் வீடு ரெண்டாவது தெருவுலதான். இந்தப் பட்டையைக் கொண்டுபோய்க் காட்டுவேன். அவங்க கேக்கலன்னா வேன்ல வர்ற பசங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போவேன்."

"கடையை மூடிருவாங்க. அப்புறம் சோத்துக்கு என்னடி பண்ணுவே?"

"தெரியலப்பா" என்றேன். அது உண்மை. எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் திரும்பி நடந்தேன். ஷட்டரைத் தாண்டித் தெருவில் கால் வைத்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. இனி நிற்கப்போவதில்லை என்று அந்த இடத்தில்தான் எனக்கே தெரிந்தது.

அப்போது ஓட்டுநர் அண்ணன் குரல் கேட்டது. "அண்ணே, எனக்கும் அந்த நெடி வருதுண்ணே. தினமும் வருது. உங்ககிட்ட சொல்ல வாய் வரல."

பிறகு அப்பா, "ஏய், நில்லு. அதை இங்க குடு."

கொடுத்தேன். வெளிச்சத்தில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றுவதற்காக அவர் நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாரே, ஓரம் அகப்படவில்லை. நான் என் நகத்தால் எழுப்பிக் கொடுத்தேன். மெதுவாக உரித்தார். ஒரு கையில் பட்டை, ஒரு கையில் தோல்.

"இது உனக்குத் தெரியுமா?"

சித்தப்பா முகம் சுருங்கிவிட்டது. "நிசமா தெரியாதுண்ணே. பட்டையே அப்படித்தான்னு நெனச்சேன்."

அப்பா பேட்டரி இணைப்பைக் கழற்றினார். பெட்டியில் தேங்கியிருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்று எல்லாரையும் தள்ளி நிற்க வைத்தார். காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் திறந்தார். உள்ளே தோல் பழுப்பேறி, கொப்பளித்துச் சுருங்கிக் கிடந்தது. ஒரு ஸ்விட்சின் கம்பிக்கால் கருகியிருந்தது. அப்பா அதை விரலால் தொட்டார். தொட்டதுமே கையோடு வந்துவிட்டது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், அக்கா. நான் தினமும் உட்காரும் இருக்கையை நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவே இல்லை.

மேலாளருக்குப் போன் செய்ததைக் கேட்டேன். "வண்டி திங்கக்கிழமை வராது. இல்ல சார், யாரும் தூண்டிவிடல. என் கடைத் தப்பு." அந்தப் பக்கம் கத்துவது வெளியே கேட்டது. அப்பா போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. கடைசி வரை கேட்டுக்கொண்டு நின்றார்.

சுண்டு


ஜூலை 31

அக்கா,

வானாய்வுக் கூடப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். வகுப்பில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. பல்லி மட்டும் "விடுடி, நட்சத்திரம் எங்க ஓடிடப் போகுது" என்றாள்.

நேற்று மலையில் ஓட்டிப் பார்த்தோம். புது ஸ்விட்சுகள், இரண்டு பக்கமும் உரித்த பட்டை, பழைய இடத்தில் சென்சார். பிள்ளைகள் உட்காரும் இடமெல்லாம் மணல் மூட்டைகள். அப்பா ஓட்டினார். எண்ணைப் படித்துச் சொல்வது என் வேலை. ஐம்பது, அறுபது என்று ஏற ஏற என் குரல் உடைந்தது. "சத்தமாச் சொல்லு" என்றார் அப்பா. எழுபத்து நான்குக்கு வந்தது. கடைசி வளைவு வரை அங்கேயே நின்றது. உச்சியில் இறங்கி அப்பா அலுமினியக் கட்டியில் கை வைத்தார். "ஆ!" என்று உதறிக்கொண்டு குதித்தார். சித்தப்பா அலறிக்கொண்டு ஓடிவந்தார். அப்பா விரலை வாயில் வைத்தபடியே சிரித்தார். "சுடுதுடா! இப்பத்தான்டா சூடு வெளிய வருது!"

ஆனால் நீ சொன்னது போல வெளியே போன வேன்கள் இன்னும் நான்கு இருக்கின்றன. எல்லாருக்கும் அப்பாவே போன் செய்தார். மூன்று பேர் திட்டிவிட்டு வண்டியை நிறுத்திவிட்டார்கள். நான்காவது, ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களை ஏற்றிப்போகிற வேன். அதன் சொந்தக்காரர் கேட்கவே இல்லை. "வண்டி ஜம்முன்னு ஓடுது, என்னத்துக்கு நிறுத்தணும்? உங்க மூஞ்சிக்காகவா?" என்று வைத்துவிட்டார். அதிலும் அந்த ரெசிஸ்டர் இருக்கிறது. மறுபடி கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஊரோ வெகுதூரம். இங்கே நிறுத்திவைத்த மூன்றையும் விட்டுவிட்டு அப்பாவால் கிளம்ப முடியவில்லை.

சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே அப்பா சொன்னார்: "அந்த ஊருக்கு உங்கக்கா இருக்கிற இடத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறணும். முதல் பஸ் காலையில அஞ்சரைக்கு."

அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். அதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கை கழுவ எழுந்தபோது, "நான் சொன்னேன்னு எழுதிடாதே" என்றார்.

எழுதிவிட்டேன். வண்டிச் சொந்தக்காரரின் முகவரி பின்பக்கத்தில்.

சுண்டு


ஆகஸ்ட் 4

சுண்டு,

அஞ்சரை பஸ்ஸையே பிடித்தேன். பையில் பட்டை, ஸ்விட்சுகள், சென்சார், மீட்டர். மருத்துவமனை வாசலில் வேன் நின்றிருந்தது. சொந்தக்காரரும் நின்றிருந்தார்.

"யாரும்மா நீ?"

"இந்த வேனைச் செஞ்சு குடுத்த கடைக்காரரோட மூத்த பொண்ணு." யோசிக்காமல் வந்துவிட்டது.

"உங்கப்பாகிட்டதான் முடியாதுன்னு சொல்லிட்டேனே."

"சொன்னீங்க. சரி, நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்று ஓட்டுநர் இருக்கையில் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனிதர் காவலாளியைக் கூப்பிட்டார். காவலாளி வந்து, "எறங்கும்மா" என்றார். "எறங்கமாட்டேங்க" என்றேன். அவர் சொந்தக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் இரவு வேலை முடிந்து செவிலியர்கள் வந்துவிட்டார்கள். உனக்கு எழுதியதையேதான் அவர்களிடமும் சொன்னேன். அடுப்பு, பாத்திரம், போர்வை. ஒரு அம்மா, நீ சொன்ன அதே நெடியைச் சொன்னார். "தெறந்து காட்டு. நல்லா இருந்தா நாங்களே உன்னை எறக்கி விடறோம். இல்லன்னா இதுல ஒருத்தியும் ஏறமாட்டோம்" என்றார். சொந்தக்காரர் சாவியை என் மடியில் போட்டார்.

திறந்தேன். தோல் கறுத்து ஸ்விட்சோடு இறுகிப் போயிருந்தது. சுரண்டி எடுக்கவே மதியமாகிவிட்டது. எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, முதலில் காலியாகவும் பிறகு காத்திருந்தவர்களை ஏற்றிக்கொண்டும் மேம்பாலத்தில் இரண்டு தடவை ஏறி இறங்கினேன். எண் அசைந்தது. ஏற்றத்தில் ஏறி, இறக்கத்தில் இறங்கியது. இவ்வளவு நாள் இந்த வேலையில் இருக்கிறேன், ஒரு எண் அசைவதைப் பார்த்துக் கண் கலங்கியது இதுதான் முதல் தடவை. இதை யாரிடமும் சொல்லாதே.

அப்பாவிடம் சொல்: நான்காவது முடிந்தது. பஸ் நேரம் சரியாகத்தான் சொன்னார்.

சித்தப்பாவிடம் சொல்: திருகுகளை ஒரே பக்கமாக முறுக்கியிருக்கிறார். மூலைக்கு மூலை மாற்றி முறுக்க வேண்டும். அதற்கு நேரில் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அந்த மூன்று வேன்களையும் நான் பார்க்காமல் வெளியே அனுப்பக்கூடாது. சனிக்கிழமை வருகிறேன். திங்கட்கிழமை எனக்கு இங்கே வேலை இருக்கிறது, தங்கமாட்டேன். வாசலில் நின்று யாருடைய அனுமதியையும் கேட்கவும் மாட்டேன். நேராக உள்ளே வருவேன்.

ஷட்டரை முழுசாகத் தூக்கி வைக்கச் சொல்.

அக்கா